ஐ.பி. கொடுத்த பிறகு வீடு யாருடையது?

"அவர் ஐ.பி. கொடுத்துட்டாராம்." நூல் வியாபாரம், ஜவுளி, ஏலச்சீட்டு, கைமாத்து என்று பணம் புரளும் எந்த ஊரிலும் இந்த ஒரு பேச்சு கிளம்பினால் போதும். கடன் கொடுத்தவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார். வாங்கியவர் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்குகிறார். மஞ்சள் கடுதாசி, மஞ்சள் நோட்டீஸ் என்று ஊர் சொல்லும் அந்தத் தாள் கைக்கு வந்ததும் இரண்டு தரப்பும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகின்றன: கடன் போயிற்று. இரண்டு தரப்பும் நினைப்பது தவறு. இந்தத் தவறால் கொடுத்தவர் வரவேண்டிய பங்கையும் விட்டுவிடுகிறார், வாங்கியவர் வீட்டையும் இழந்து கடனையும் சுமந்துகொண்டு நிற்கிறார். சட்டம் அப்படி இருப்பதால் வரும் கேடு இல்லை இது. அந்தச் சட்டத்தைப் பாதியிலேயே விட்டுவிடுவதால் வருவது.

ஐ.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது நொடிப்பு மனு. வழக்கு எண்ணுக்கு முன்னால் ஓ.எஸ்., இ.பி. என்று போடுகிறார்களே, அதைப் போன்ற முன்னெழுத்து. தன்னால் கடனை அடைக்க முடியவில்லை என்று ஒருவர் மனுப் போட்டிருக்கிறார், இன்ன தேதியில் விசாரணை, ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லலாம். அந்த நோட்டீஸ் சொல்வது இவ்வளவுதான். மனுவுக்குப் பிறகு நீதிமன்றம் அவரை நொடித்தவர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த பிறகு சொத்தை விற்றுப் பங்கு போட வேண்டும். அதற்கும் பிறகு அவர் தனியாக ஒரு மனுப் போட்டு விடுவிப்பு உத்தரவு வாங்க வேண்டும். கடன் ஒழிவது அந்தக் கடைசித் தாளில்தான். சொத்து போவதோ நடுவிலேயே நடந்துவிடுகிறது. இந்த வரிசையைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகரங்கள் நொடிப்புச் சட்டம். அங்கே உயர் நீதிமன்றமும், சொத்தைப் பொறுப்பேற்று விற்றுப் பங்கு போடும் அதிகாரியான அஃபிஷியல் அசைனியும். மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்; அங்கே சப் கோர்ட்டும், அதே வேலையைச் செய்யும் ரிசீவரும். அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான் என்பதால், பெரும்பாலோருக்குப் பொருந்தும் 1920 சட்டத்தை வைத்தே மேலே சொல்கிறேன்.

மனுவும் அதற்குள் இருக்கும் பட்டியலும்

கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம் என்கிறது சட்டம். 1920இல் எழுதிய தொகை இன்னும் அப்படியே நிற்கிறது. கடன் கொடுத்தவரும் போடலாம், ஆனால் அவருக்கு ஒரு நிபந்தனை கூடுதல். கடன்பட்டவர் சொத்தை மறைக்கிற மாதிரி எழுதி வைத்தது, ஊரைவிட்டு ஓடியது, இனிக் கட்ட மாட்டேன் என்று அறிவித்தது போன்ற ஒரு செயலைக் காட்ட வேண்டும். அது மனு தேதிக்கு முந்தைய 3 மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். அந்த 3 மாதத்தைத் தவறவிட்டுவிட்டு வக்கீலிடம் போகிறவர்கள் நிறையப் பேர்.

கடன்பட்டவர் போடும் மனுவின் உயிர் அதன் பின்னால் இணைக்கும் இரண்டு பட்டியல்களில் இருக்கிறது. ஒன்றில் யார் யாருக்கு எவ்வளவு கடன், அவர்கள் முகவரி என்ன. மற்றொன்றில் என்னென்ன சொத்து, எங்கே இருக்கிறது, மதிப்பு எவ்வளவு. முதல் பட்டியலில் மைத்துனரிடம் வாங்கிய 2 லட்சத்தை, "அவருக்கு எப்படியும் கொடுத்துவிடுவேன்" என்று விட்டுவிடுவார்கள். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் கந்துவட்டிக்காரர் பெயரைப் பயத்தில் விட்டுவிடுவார்கள். இரண்டுமே எழுத வேண்டியவை. அந்த வட்டிக்காரர் பணம் தரச் சொல்லும் நீதிமன்ற ஆணையை, டிக்ரியையே வாங்கி வைத்திருந்தாலும், உண்மையில் கைமாறிய தொகை எவ்வளவு என்று டிக்ரிக்குப் பின்னால் போய்ப் பார்க்கும் அதிகாரம் நொடிப்பு நீதிமன்றத்துக்கு உண்டு. அவரை எதிர்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இரண்டாவது பட்டியலில் ஊரில் இருக்கும் பூர்வீக நிலத்தின் பங்கு, யாருக்கோ கொடுத்து வராமல் நிற்கும் பாக்கி, பாதியில் நிற்கும் சீட்டு எல்லாம் வர வேண்டும். வேண்டுமென்றே மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

விசாரணையின்போது நீதிமன்றம் பார்ப்பது, கடனை அடைக்க முடியாத நிலை மேலோட்டமாகவாவது தெரிகிறதா என்பதைத்தான். மனுதாரர் யோக்கியரா, பணம் எங்கே போயிற்று என்ற கேள்விகள் பெரும்பாலும் விடுவிப்புக் கட்டத்துக்கு உரியவை. "இவன் ஏமாற்றுக்காரன்" என்று முதல் வாய்தாவிலேயே சத்தம் போட்டுவிட்டு, மனு ஏற்கப்பட்டதும் மனம் வெறுத்து வீட்டுக்குப் போய்விடும் கடன்காரர்கள் (கடன் கொடுத்தவர்களைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறேன்) சரியான சண்டையைத் தவறான நாளில் போடுகிறார்கள்.

மனுப் போட்டால் அமீனா வர மாட்டார், கைது வாரண்ட் நின்றுவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. மனு மட்டும் எதையும் தானாக நிறுத்துவதில்லை. பணத்துக்கான டிக்ரியில் 5,000 ரூபாய்க்கு மேல் பாக்கி இருந்தால் 3 மாதம் வரை சிவில் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் கையில் இல்லாததற்காக யாரையும் உள்ளே தள்ள முடியாது. வசதி இருந்தும் ஏமாற்றும் எண்ணத்தோடு கட்டாமல் இருந்தால்தான் சிறை என்று 1980இல் உச்ச நீதிமன்றம் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெண்களைப் பணக் கடனுக்காகக் கைது செய்யவே கூடாது. கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டுமானால், நொடித்தவர் என்று அறிவித்த பிறகு பிரிவு 31இன் கீழ் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்கு அது இல்லை.

சொத்து கைமாறும் நாள்

எல்லாம் திரும்புவது அறிவிப்பு உத்தரவு வரும் நாளில். அன்று பத்திரப் பதிவு எதுவும் நடக்காது. முத்திரைத்தாள் கிடையாது. வீட்டுச் சாவி அன்று மாலையும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும், மின் கட்டணம் அவர் பெயரில்தான் வரும். ஆனால் பிரிவு 28இன்படி அந்த உத்தரவோடு அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்திடமோ ரிசீவரிடமோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது மட்டுமில்லை, உத்தரவு மனுப் போட்ட தேதியிலிருந்தே நடந்ததாகக் கணக்காகிறது. விடுவிப்பு வாங்கும் வரை புதிதாக வருவதும் இதில் சேரும். மூன்று ஆண்டு கழித்து அப்பா இறந்து பங்கு வந்தால், அந்தப் பங்கும் ரிசீவருக்குத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. அன்று முதல் எந்தக் கடன்காரரும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தனியாக வழக்குப் போட முடியாது. ஜப்தி செய்து வைத்திருந்தவருக்கும் முன்னுரிமை கிடையாது. மனு ஏற்கப்படுவதற்கு முன்பே ஏலம் முடிந்து பணம் வந்திருந்தால் மட்டும் அது அவருடையது. முதலில் ஓடி வந்தவருக்கு எல்லாம், கடைசியில் வந்தவருக்கு எதுவும் இல்லை என்ற நிலையை மாற்றி எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கும் ஏற்பாடு இது. எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான். கழுத்தில் துண்டைப் போட்டு இழுக்கத் தெரிந்தவருக்கும், வாசலில் தயங்கி நிற்கும் விதவைக்கும் ரூபாய்க்கு ஒரே அளவு காசுதான்.

எதெல்லாம் ரிசீவருக்குப் போகாது? சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 60 எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்கிறதோ அதெல்லாம். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை. கைவினைஞரின் கருவிகள்: தச்சரின் உளி, தையல்காரரின் இயந்திரம். விவசாயியின் ஏர், மாடு, விதைநெல். மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை; நம் ஊரில் அது தாலி. பென்ஷன், வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பணம். மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நகை இந்தப் பட்டியலுக்கே வர வேண்டியதில்லை. அது கணவருடைய சொத்தே அல்ல. ஆனால் கேள்வி வரும்போது கையில் ரசீதோ கல்யாணப் புகைப்படமோ இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

வீட்டைப் பற்றித்தான் மிகப் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. "குடியிருக்கிற ஒரே வீட்டைத் தொட முடியாது" என்று டீக்கடை முதல் கோர்ட் வாசல் வரை சொல்கிறார்கள். பிரிவு 60 பாதுகாப்பது விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் சொந்தமாக வைத்துக் குடியிருக்கும் வீட்டை. மளிகைக் கடைக்காரருக்கும் பனியன் கம்பெனி நடத்துபவருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. வீட்டைக் காப்பாற்றத்தான் ஐ.பி. கொடுக்கிறோம் என்று நினைத்து மனுவில் கையெழுத்துப் போடுகிறவர், வீட்டை ரிசீவரிடம் ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிறார். இதை முதல் நாளே சொல்லாத வக்கீல் தன் கட்சிக்காரருக்குத் துரோகம் செய்கிறார் என்றே சொல்வேன்.

மனைவி பெயருக்கு எழுதிய செட்டில்மென்ட்

கடன் கழுத்தை நெரிக்கத் தொடங்கியதும் முதலில் போகும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ ஒரு தான செட்டில்மென்ட். மனுப் போட்ட தேதியிலிருந்து பின்னால் 2 ஆண்டுக்குள் எழுதிய இலவச மாற்றம் எதையும் ரிசீவர் கேட்டு ரத்து செய்ய வைக்கலாம் என்கிறது பிரிவு 53. உண்மையான விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு விலக்கு உண்டு. அதனால் சிலர் எழுதிவைத்துவிட்டு 2 ஆண்டு காத்திருக்கிறார்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. கடன்காரர்களை ஏமாற்ற எழுதிய பத்திரத்தைச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 53 வழியாகத் தனியாக எதிர்க்க முடியும். (இரண்டு சட்டத்திலும் எண் 53தான் என்பதால் பேச்சில் அடிக்கடி குழப்பம் வரும்.)

இதே போல, எல்லோருக்கும் கட்ட முடியாத நிலையில் நெருங்கிய நண்பர் ஒருவருக்கு மட்டும் முழுக் கடனையும் கட்டிவிட்டு மனுப் போட்டால், கட்டிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மனு வந்திருந்தால் அதையும் செல்லாததாக்கலாம். ரிசீவர் இதையெல்லாம் தானாகத் தேடிப் பிடிப்பார் என்று கடன்காரர்கள் காத்திருக்கக் கூடாது. வில்லங்கச் சான்று போட்டு எடுத்து, இன்ன தேதியில் இன்ன ஆவண எண் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டும் ரிசீவர் அசையவில்லை என்றால், தன் கடனை நிரூபித்த கடன்காரர் நீதிமன்ற அனுமதியோடு தானே அந்த ரத்து மனுவைப் போட பிரிவு 54அ வழி விடுகிறது.

கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவின் பங்கு ரிசீவருக்குப் போகும். முன்பெல்லாம் அப்பாவின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற கொள்கையால் மகன் பங்கும் சேர்ந்து போனது. 2005 செப்டம்பர் 9க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு அந்தக் காரணம் மட்டும் சொல்லி மகன்மேல் கை வைக்க முடியாது. இந்து வாரிசுரிமைத் திருத்தம் என்றால் பெண்களுக்குச் சம பங்கு தந்தது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. இதுவும் அதே திருத்தம்தான்.

ரூபாய்க்கு எத்தனை காசு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் ஒருவர். வீடு 30 லட்சம், அதன்மேல் வங்கி அடமானம் 18 லட்சம். கடைச் சரக்கு 3 லட்சம். புரோநோட்டு, கைமாத்து, சீட்டு பாக்கி எல்லாம் சேர்த்து அடமானம் இல்லாத கடன் 40 லட்சம். வங்கி இந்தப் பந்தியில் உட்காராது. அடமானம் வைத்திருப்பவரின் உரிமையை நொடிப்பு தொடுவதில்லை. 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வங்கிகளின் கடன் வசூலுக்கென்று உள்ள சர்ஃபாசி சட்டப்படி தன் வழியில் விற்றுக்கொள்ளலாம். விற்ற பிறகும் பாக்கி நின்றால் அந்தப் பாக்கிக்கு மட்டும் மற்றவர்களோடு வரிசையில் வரும். அடகு வைத்த நகைக்கும் இதே விதி. ஆக 33 லட்சத்தில் 18 வங்கிக்கு. மீதி 15இல் ரிசீவர் செலவும் அரசுக்கு உள்ள வரி பாக்கியும் 2 லட்சம் என்று வைத்தால் அவை முதலில் போகும். மிச்சம் 13 லட்சம், கடன் 40 லட்சம். ரூபாய்க்கு முப்பத்திரண்டரைக் காசு. 4 லட்சம் கொடுத்தவருக்கு 1,30,000.

அந்த 1,30,000கூட, கடனை நிரூபித்தவருக்குத்தான். நிரூபிப்பது பெரிய வேலை இல்லை: கடன் விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாக எழுதி, புரோநோட்டு அல்லது கணக்குப் புத்தகத்தின் விவரத்தோடு நீதிமன்றத்தில் கொடுக்கலாம், பதிவுத் தபாலில்கூட அனுப்பலாம். மஞ்சள் கடுதாசி வந்ததும் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு "போச்சு" என்று உட்கார்ந்தவருக்கு இது தெரிவதே இல்லை. அவருடைய பங்கும் சேர்ந்து, வந்து நிரூபித்த மற்றவர்களுக்குப் போகிறது.

முழுப் பங்கீடு வரை போகாமல் சமரசம் செய்துகொள்ளவும் இடம் உண்டு. நிரூபித்த கடன்காரர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையும், தொகையில் நான்கில் மூன்று பங்கும் சம்மதித்து நீதிமன்றமும் ஏற்றால் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும். சொந்தக்காரர்கள் சேர்ந்து ரூபாய்க்கு 45 காசு திரட்ட முடிகிற குடும்பத்துக்கு, வீட்டை மீட்க இதுவே நல்ல வழி.

கடைசித் தாள்

அறிவிப்பு உத்தரவிலேயே ஒரு கெடு எழுதியிருக்கும்: இத்தனை காலத்துக்குள் விடுவிப்புக்கு மனுப் போட வேண்டும். உத்தரவின் நகலை வாங்கியவர்கள்கூட அந்த வரியைப் படிப்பதில்லை. கெடு தாண்டினால் பிரிவு 43இன் கீழ் அறிவிப்பே ரத்தாகும். ரத்தானால் கடன்கள் உயிரோடு திரும்பி வரும். அறிவிப்புக்கும் ரத்துக்கும் இடையில் போன காலம், வழக்குப் போடுவதற்கான காலவரம்புக் கணக்கிலும் சேராது. எனவே "மூன்று வருஷம் ஓடிடுச்சு, புரோநோட்டு செத்துப்போச்சு" என்ற கணக்கும் தப்பு. அதே நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் மறுபடி ஐ.பி. போடவும் முடியாது.

விடுவிப்பு மனுவில்தான் நீதிமன்றம் உண்மையான கேள்விகளைக் கேட்கிறது. சொத்து மதிப்பு ரூபாய்க்கு 50 காசுக்குக் குறைவா? மேலே போட்ட கணக்கில் ஆமாம். அப்படியானால் தன் பொறுப்பில் இல்லாத காரணத்தால் நொடித்தேன் என்று காட்டினால் ஒழிய முழு விடுவிப்பு கிடைக்காது. மழையில் சரக்கு போனதா, வாங்கியவர் ஏமாற்றினாரா, ஆஸ்பத்திரிச் செலவா என்பதைக் காட்ட ஆவணம் வேண்டும். முந்தைய 3 ஆண்டுக்குக் கணக்கு எழுதியிருக்கிறாரா? தேறாது என்று தெரிந்த பிறகும் கடன் வாங்கினாரா? சூதாட்டமா, ஆடம்பரமா? சிறு வியாபாரிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில்தான். துண்டுச் சீட்டிலும் மனத்திலும் கணக்கு வைத்தவர்கள், நேர்மையாக நொடித்திருந்தாலும், அதைக் காட்டக் கையில் எதுவும் இல்லாமல் நிற்கிறார்கள். அவர்களுக்கு நிபந்தனையோடு விடுவிப்பு, இல்லாவிட்டால் சில ஆண்டு தள்ளி விடுவிப்பு என்பதே சாத்தியம். அதுவரை தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினால்கூட 6 மாதம் வரை சிறை. உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாது.

விடுவிப்பு கிடைத்தாலும் ஒழியாத கடன்கள் உண்டு. அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடியால் வந்தது, மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம். காசோலை திரும்பியதற்கான குற்ற வழக்கு தனி ரயில், அதை ஐ.பி. நிறுத்தாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் தப்ப மாட்டார், சட்டம் அதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. நண்பனுக்காகக் கையெழுத்துப் போட்ட பள்ளிக்கூட வாத்தியாரின் சம்பளம், நண்பன் விடுபட்ட பிறகும் மாதா மாதம் பிடித்தமாகும். முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் மட்டும் அவருக்கு.

2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கு ஒரு பகுதி எழுதியிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாயைத் தாண்டாத, சொந்த வீடு இல்லாத ஏழைகளுக்குப் 'புதுத் தொடக்கம்' என்ற எளிய வழியும் அதில் இருக்கிறது. 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரணக் குடும்பத்துக்கு இன்றும் 1909ம் 1920ம்தான். தண்டல் வட்டியில் மூழ்கும் பூக்காரம்மாவுக்காக எழுதிய பக்கங்கள் நடைமுறைக்கு வராமல் கிடப்பது எனக்கு வேதனையான விஷயம்.

இதெல்லாம் ஒரு தலைமுறை கழித்தும் வந்து நிற்கும். அப்பா எப்போதோ ஐ.பி. கொடுத்தார், அறிவிப்பும் ஆயிற்று, ரிசீவர் விற்கவில்லை, யாரும் தொடரவில்லை, எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் வீட்டை விற்கப் போகிறார்கள். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் அறிவிப்பு ரத்தாகாமல் நின்றால் அந்த வீடு இன்னும் ரிசீவரிடம்தான் இருக்கிறது, அவர்கள் எழுதும் கிரயம் நிற்காது. வாங்குபவர் அறியாமல் வாங்கினார் என்பதும், அறிவிப்பு உத்தரவுக்குப் பிந்தைய விற்பனையில் அவரைக் காப்பாற்றாது. முன்பணம் வாங்குவதற்கு முன் அந்தப் பிள்ளைகள் அப்பாவின் பழைய பையில் தேட வேண்டியது ஐ.பி. எண்ணையும் ஆண்டையும். அதை வைத்து நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டால், மனு தள்ளுபடியானதா, அறிவிப்பு ரத்தானதா, யார் யார் கடனை நிரூபித்தார்கள் என்பது தெரிந்துவிடும். நிரூபித்த கடன்கள் பாக்கி இருந்தால் அவற்றை முழுதாகக் கட்டி, அறிவிப்பை ரத்து செய்யக் கேட்டு, அந்த உத்தரவின் நகலைத் தாய்ப்பத்திரத்தோடு சேர்த்து வைத்த பிறகுதான் கிரயத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.